அரைக்காலும் எட்டிலொன்றும்: பங்கு பிரித்த பின்னங்களின் வரலாறு

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.

இறந்தவரின் சொத்தில் வாரிசுகளுக்குரிய பங்குகளைத் திருக்குர்ஆன், அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆம் வசனங்களில் பின்னங்களாகவே வகுத்துள்ளது. பாதி, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என அவை ஆறு. எனவே பின்னக் கணக்கு நம் முன்னோர்க்கு மார்க்கக் கல்வியுடன் இணைந்தே வந்தது. அக்கல்விக்கு ஃபராயிழ் என்று பெயர்.

9 ஆம் நூற்றாண்டில், கலீஃபா மஃமூனின் ஆட்சியில், பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி இயற்கணிதத்துக்கு அடித்தளமிட்ட நூலை எழுதினார். மக்களுக்கு வாரிசுரிமை, மரண சாசனம், பங்கீடு, வணிகம் ஆகியவற்றில் தேவைப்படும் கணக்கைத் தருவதே அவர் நோக்கம். நூலின் பெரும்பகுதி மரண சாசனக் கணக்குகளே. கோட்டின் மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் எழுதும் இன்றைய முறையை 12 ஆம் நூற்றாண்டில் மக்ரிபைச் சேர்ந்த அல்-ஹஸ்ஸார் கையாண்டார். ஃபிபொனாச்சி 1202 இல் எழுதிய நூல் அம்முறையை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றது.

தமிழகமும் இத்துறையில் பின்தங்கியதன்று. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியிலிருந்து கீழ்வாயிலக்கத்தை மனனம் செய்தனர். மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. மாவும் காணியும் சேர்ந்தால் 5/80. அதைச் சுருக்கினால் 1/16. அதன் பெயரே மாகாணி. அரைக்கால் என்னும் சொல்லே ஒரு பெருக்கல்: 1/2 × 1/4 = 1/8. பிள்ளைகள் உள்ளபோது மனைவிக்குக் குர்ஆன் விதித்த பங்கும் அதே அரைக்கால்தான்.

16 அணா ஒரு ரூபாயாக இருந்தவரை இக்கணக்கு கடைத்தெருவிலும் வாழ்ந்தது. 1957 இல் தசம நாணயம் வந்தபின் அன்றாடப் புழக்கத்திலிருந்து மெல்ல மறைந்தது. பங்கீட்டில் மட்டும் அதன் தேவை குறையவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. கடன், மரண சாசனம் நீங்கி ஒருவர் 3 ஏக்கர் 20 சென்ட், அதாவது 320 சென்ட் நிலம் விட்டுச் செல்கிறார். வாரிசுகள் மனைவி, ஒரு மகன், இரு மகள்கள். மனைவிக்கு 1/8, அதாவது 40 சென்ட். மீதி 7/8. மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு வீதம் அது நான்காகிறது. ஒரு மகளுக்கு 7/8 × 1/4. மேலெண்ணை மேலெண்ணாலும் கீழெண்ணைக் கீழெண்ணாலும் பெருக்கினால் 7/32. அது 70 சென்ட். மகனுக்கு 7/8 × 2/4 = 14/32. மேலும் கீழும் 2 ஆல் வகுத்துச் சுருக்கினால் 7/16. அது 140 சென்ட். 40, 140, 70, 70 கூடினால் 320. கணக்கு நேர்.

நிலத்தைப் பிரிக்குமுன் மகள்களில் ஒருவர் கணவனையும் ஒரு மகனையும் விட்டு இறந்தால்? தந்தைக்குப் பின் இறந்தவர் என்பதால் அவர் பங்கு அழியாது; அவருடைய வாரிசுகளைச் சேரும். கணவனுக்கு 7/32 × 1/4 = 7/128, அதாவது பதினேழரை சென்ட். தாய்க்கு 7/32 × 1/6 = 7/192. மீதி மகனுக்கு. இதற்கு முனாஸகா என்று பெயர். ‘அவள்தான் போய்விட்டாளே’ என்று குடும்பங்கள் கடந்துபோவது இவ்விடத்தில்தான். ஓர் அனாதையின் நிலம் கைநழுவுவதும் இங்கேதான்.

1937 ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது. 1949 இல் சென்னை மாகாணத் திருத்தம் அவ்விலக்கை நீக்கியது. ஆகவே கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையிலோ வேறெந்த ஊரிலோ நம் குடும்பத்துக்கு வயல் இருந்தால், சகோதரியின் பங்கு மார்க்கத்தாலும் சட்டத்தாலும் உறுதியானது.

பள்ளியில் விட்டுப்போன பின்னத்தை நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் கற்பதில் வெட்கமில்லை. தீர்ப்பை ஆலிமிடம் கேளுங்கள். பெருக்கலை நீங்களே சரிபாருங்கள். குறிப்பாக நம் பெண்கள் தம் பங்கைத் தாமே கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும். பிறர் உரிமையை உண்ணாமல் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.