உரிக்கப்படும் எழுத்துகள்: ஜொகூர்ப் பேருந்துகளின் பக்கச்சுவர் வரலாறு

மலேசியச் சாலைகளில் ஓடும் பேருந்துகளில் பல, தம் ஆயுட்காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தொழில்களைச் செய்து முடிக்கின்றன. விரைவுப் பேருந்தாக நெடுஞ்சாலையில் ஓடிக் களைத்த வண்டி கைமாறித் தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் வண்டியாகிறது. சில வண்டிகள் அதன்பின் இருக்கைகள் கழற்றப்பட்டு, நடமாடும் நூலகமாகவோ உணவு விற்கும் வண்டியாகவோ படுத்துறங்கும் வசதி கொண்ட பயண வண்டியாகவோ உருமாறுகின்றன. உட்புறம் எவ்வளவு மாறினாலும், முந்தைய முதலாளியின் பெயரும் முந்தைய உரிமத்தின் வகையும் பக்கச்சுவரில் இருக்கும்வரை அந்த வண்டி ஊரார் கண்ணுக்குப் பழைய வண்டியாகவே தெரியும் என்பதால், எழுத்தை நீக்குவது ஒவ்வொரு மாற்றத்திலும் தவிர்க்க முடியாத வேலையாகிறது. சாயத்தால் எழுதிய காலத்திலிருந்து ஸ்டிக்கர் ஒட்டும் காலம்வரை இந்த நீக்கும் வேலை எவ்வாறு மாறியது என்பதையும், அந்த மாற்றத்தால் வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பையும் ஜொகூர் மாநிலத்தின் பெர்மாஸ் ஜெயா வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பெர்மாஸ் ஜெயா, ஜொகூர் பாரு நகரின் கிழக்கே, நகருக்கும் பாசிர் கூடாங் தொழில்நகருக்கும் இடையில் ஜொகூர் நீரிணையை ஒட்டி அமைந்த குடியிருப்பு நகரம். அதை அடுத்துள்ள செனிபோங் கரையில் நின்றால் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் செம்பாவாங் பகுதி தெரியும். இந்த இட அமைவே வட்டாரத்தைப் பேருந்துகளின் நாடாக்கியது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் தரைப்பாலம் 1924 ஜூனில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டபின் நீரிணையைக் கடக்கும் சாலைப் போக்குவரத்து பெருகியது. பாசிர் கூடாங்கில் 1977இல் துறைமுகம் செயல்படத் தொடங்கியதும், அதைச் சுற்றி எழுந்த ஆலைகளுக்கு நேரமுறை வேலைக்காரர்களை விடியற்காலையிலும் இரவிலும் ஏற்றி இறக்கும் பேருந்துகள் தேவைப்பட்டன. தெப்ராவ், பிளெந்தோங், மாசாய் பக்கங்களின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அந்த ஆலைகளுக்கு வேலைக்குச் சென்றனர். ஆலைப் பேருந்து, பள்ளிப் பேருந்து, எல்லை கடக்கும் பேருந்து, சுற்றுலாப் பேருந்து எனப் பலவகை வண்டிகள் ஒரே சாலையில் ஓடியதால், எந்த வண்டி யாருக்கு என்பதைத் தொலைவிலேயே சொல்லும் எழுத்து அன்றாடத் தேவையாயிற்று.

அந்த எழுத்துக்குச் சட்டப் பின்புலமும் உண்டு. விடுதலைக்குப்பின் 1958ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து அவசரச் சட்டமும், 1987இல் இயற்றப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதே ஆண்டின் வணிக வாகன உரிம வாரியச் சட்டமும், பின்னர் 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டமும் வணிக வண்டிகளை வகைபிரித்து உரிமம் அளிக்கும் முறையை அடுத்தடுத்து வகுத்தன. நிறுத்தந்தோறும் நின்று செல்லும் ‘பாஸ் பெர்ஹெந்தி-ஹெந்தி’, தொலைதூரம் செல்லும் ‘பாஸ் எக்ஸ்பிரஸ்’, சுற்றுலாவுக்கான ‘பாஸ் பெர்சியாரான்’, ஆலை ஆட்களுக்கான ‘பாஸ் பெக்கெர்ஜா’, மாணவர்களுக்கான ‘பாஸ் செக்கோலா’ ஆகிய மலாய்ப் பெயர்கள் இந்த வகைபிரிப்பின் வெளித்தோற்றமாக வண்டிகளின் உடலில் ஏறின. அவற்றோடு நிறுவனத்தின் பெயர், முகவரி, வண்டியின் எடை அளவுகள் ஆகியவையும் சேர்ந்ததால், பேருந்தின் பக்கச்சுவர் ஒரு பதிவேட்டின் பக்கம்போல் ஆயிற்று. 1994இல் புஸ்பாகோம் என்னும் வாகனப் பரிசோதனை நிறுவனம் தோன்றியபின் வணிக வண்டிகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் அதன் நிலையங்களுக்குச் சென்று தேர வேண்டியதாயிற்று. வகை மாறிய வண்டியில் பழைய வகையின் எழுத்து எஞ்சியிருப்பது உரிமையாளருக்கு வீண் கேள்விகளைக் கொண்டுவரும் குறையானது.

எழுத்தை ஏற்றியும் இறக்கியும் வந்த கைகள் முதலில் சைன்போர்டு எழுத்தாளர்களுடையவை. அவர்கள் சாக்குத்தூள் தடவிய நூலைத் தகட்டின்மீது இழுத்துப் பிடித்துச் சுண்டி நேர்கோடு பதிப்பர். நடுங்காமல் எழுதுவதற்காக, நுனியில் துணிப்பந்து கட்டிய கோலைச் சுவரில் ஊன்றி அதன்மேல் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, நீண்ட மயிர்த் தூரிகையால் எனாமல் சாயத்தை, அதாவது உலர்ந்தபின் கண்ணாடிபோல் இறுகிப் பளபளக்கும் எண்ணெய்ச் சாயத்தை, ஒரே இழுப்பில் தீட்டுவர். நிறுவனச் சின்னம்போல் ஒரே வடிவம் பல வண்டிகளுக்கு வேண்டியபோது அச்சுத்தகடு வெட்டிச் சாயம் பூசினர், அல்லது நீரில் ஊறவைத்துத் தாளிலிருந்து வழுக்கி இறக்கும் நீரொட்டுப் படங்களைப் பயன்படுத்தினர். அத்தகைய எழுத்து வேண்டாமற்போனால் அதைத் தகடுவரை சுரண்டி எடுப்பவர் குறைவு. நீர் ஊற்றி உப்புத்தாளால் தேய்த்து மேடுகளைத் தட்டையாக்கி, பள்ளங்களில் பட்டி பூசி, மேலே புதுச்சாயம் அடித்துவிடுவதே வழக்கம். மலாய்மொழிக்கு 1972 ஆகஸ்டில் புதிய பொது எழுத்துக்கூட்டு முறை நடைமுறைக்கு வந்து, நிறுவனப் பெயர்களின் தொடக்கத்தில் வரும் ‘சரிக்காட்’ என்ற சொல்லின் உரோம எழுத்துகளே மாறியபோதும், மாற்றி எழுத முன்வந்த உரிமையாளர்களுக்கு இந்த வழிதான் இருந்தது.

சாயக் காலத்தில் எழுத்தை மறைப்பது எத்தனை பெரிய அளவில் நிகழக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு நிகழ்வு சான்றாகும். 1972இல் அரசுப் பேருந்துகள் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் எனத் தனித்தனிக் கழகங்களாகப் பிரிக்கப்பட்டபின், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் கட்டபொம்மன், தந்தை பெரியார், மருது பாண்டியர், ஜீவா, நேசமணி எனத் தலைவர்களின் பெயரிலும் வரலாற்று மாந்தரின் பெயரிலும் புதிய கழகங்கள் பெருகின. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் தொடங்கப்பட்டதையொட்டித் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் வெடித்தது. அதன் விளைவாக, மு. கருணாநிதி தலைமையிலான அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்கள் அனைத்தையும் அவ்வாண்டு ஜூலையில் நீக்கி, பெரும்பாலான கழகங்களைத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயரின்கீழ்க் கோட்டங்களாகக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான பேருந்துகளின் நெற்றியிலும் பக்கத்திலும் இருந்த பெயர்கள் பணிமனைகளில் சாயத்துக்கு அடியில் போயின. பேருந்தின் எழுத்து வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் அதற்காக உயிர்கள் போயிருக்கமாட்டா. அதை அழிக்க ஓர் அரசாணையும் தேவைப்பட்டிருக்காது.

சாயத்தின் இடத்தைப் பிடித்த ஒட்டெழுத்து, இரண்டு தனித்தனிக் கண்டுபிடிப்புகளின் கூட்டால் பிறந்தது. முதலாவது, அழுத்தினாலே பிடிக்கும் பசை. நீரோ சூடோ வேண்டாமல் விரலால் அழுத்திய மாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும் தன்மையால் அப்பெயர் பெற்றது. அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ரிச்சர்ட் டுரூ, கார்களுக்கு இருநிறச் சாயம் அடிப்பவர்களின் சிக்கலைத் தீர்ப்பதற்காக 1925இல் மறைப்பு நாடாவை உருவாக்கினார். 1930இல் ஒளிபுகும் நாடாவும் வந்தது. 1935இல் ஸ்டான்டன் ஏவரி பின்தாளிலிருந்து உரித்து ஒட்டும் சீட்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இத்தகைய தொடக்ககாலப் பசைகளில் பலவற்றுக்கு அடிப்படைப் பொருள் இயற்கை ரப்பரும் மரப்பிசினும் என்பதும், அக்காலத்தில் உலக ரப்பரின் பெரும்பங்கை மலாயா விளைவித்தது என்பதும் சேர்த்து நோக்கத்தக்கவை. ஜொகூர்த் தோட்டங்களில் தமிழர்கள் விடியலில் மரம் சீவி எடுத்த பால், கடல்கடந்து சென்று உலகின் ஒட்டுநாடாத் தொழிலுக்கும் ஊட்டமளித்தது. இரண்டாவது கண்டுபிடிப்பு வினைல் படலம். இயல்பில் விறைப்பான பாலிவினைல் குளோரைடு என்ற நெகிழியை, மெல்லத் துவளவைக்கும் எண்ணெய்த்தன்மை கொண்ட இளக்கிகளைச் சேர்த்துத் தோல்போல் ஆக்கும் வழியை 1926இல் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் வால்டோ செமன் கண்டறிந்தார்.

இவ்விரண்டும் சேர்ந்தபின்னும் எழுத்தைக் கையால் வெட்டவேண்டியிருந்ததால், சைன்போர்டு எழுத்தாளரின் இடம் உடனே பறிபோகவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கெர்பர் நிறுவனம் கணினி வழியே எழுத்தை வெட்டித்தரும் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதுதான் நிலைமை தலைகீழாயிற்று. விசைப்பலகையில் தட்டிய எழுத்தைக் கத்தி படலத்தில் வெட்டும், வேண்டாத பகுதியை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு, மீதியை மேல்தாளோடு தூக்கி வண்டியில் ஒட்டினால் வேலை முடியும். அத்தகைய பொறிகள் மலிந்து கடைவீட்டு ஸ்டிக்கர் கடைகளுக்கும் வந்தபின், ஆண்டுக்கணக்கில் கற்ற தூரிகைத் திறனுக்கு அழைப்பு குறைந்தது. எழுதுவது எளிதாகிவிட்டதால் எழுத்தும் பெருகியது. தடத்தின் பெயர், தொலைபேசி எண், விளம்பரம், கண்ணாடியில் ஒட்டும் பொத்தல் படலம் என வண்டியே ஒட்டுகளால் நிறைந்தது. சிரமம் முழுவதும் நீக்கும் நாளுக்குத் தள்ளிப்போடப்பட்டது.

அந்த நாளின் சிரமத்தை நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே உள்ள பெர்மாஸ் ஜெயாவின் வெயிலும் ஈரமும் கூட்டுகின்றன. அழுத்தப் பசை திரவம்போல் மெல்லப் பரவித் தகட்டின் நுண்பள்ளங்களில் இறங்கும் இயல்புடையது. வெப்பம் அந்தப் பரவலை விரைவுபடுத்துவதால், ஒட்டிய மறுநாள் ஒரே இழுப்பில் வந்துவிடக்கூடிய எழுத்து பத்தாண்டுக்குப்பின் தகட்டோடு தகடாகிவிடுகிறது. அதே வேளையில், மேலிருக்கும் படலத்தின் இளக்கிகளில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது, மறுபகுதி கீழிறங்கிப் பசையைக் குழைத்துவிடுகிறது. புறஊதாக் கதிரும் படலத்தைத் தாக்குவதால் மேற்பரப்பு வறண்ட குளத்தின் சேறுபோல் நுண்ணிய வெடிப்புகளாகப் பிளக்கிறது. உருளைகளுக்கிடையே நசுக்கி உருவாக்கப்படும் மலிவான தடித்த படலம், திரவமாக வார்த்து உலர்த்தப்படும் மெல்லிய படலத்தைவிட விரைவில் இந்நிலைக்கு வரும். ரப்பர்ப் பசை உயிர்வளியால் சிதைந்து முதலில் கொழகொழத்துப் பின் கெட்டியாகும். அக்ரிலிக் பசை வெயிலைத் தாங்கி நீண்டநாள் பிடிமானத்தை இழக்காதிருக்கும், ஆகவே நீக்குவதற்கு அதுவே கடினம்.

இத்தகைய எழுத்தை நீக்கும் முறை, பட்டறைகளில் பட்டறிவால் திரண்டது. ‘பாஸ் பெர்சியாரான்’ என்பதன் முதல் எழுத்தை எடுத்துக்கொண்டால், ஹீட் கன் எனப்படும் வெப்பக்காற்றுக் கருவியை அதன்மேல் ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே, கைவைத்தால் சுடும் ஆனால் சாயம் கொப்பளிக்காத அளவுக்குச் சூடேற்றுவர். நெகிழித் தகட்டால் ஒரு மூலையை நெம்பி, பிடித்த முனையைத் தன்மீதே மடக்கி, சுவரையொட்டித் தாழ்வாக, அவசரமின்றி இழுப்பர். மெதுவாக இழுக்கும்போது பசைக்கு இளகி விடுவிக்க நேரம் கிடைக்கிறது. வெடுக்கென இழுத்தால் படலம் கிழிந்து நகத்தளவுத் துணுக்குகளாக வரும். படலம் போனபின் பழுப்புநிறப் பசை எழுத்தின் வடிவிலேயே தங்கிநிற்கும். மண்ணெண்ணெயோ எலுமிச்சை இனத் தோலெண்ணெய் கலந்த நீக்கியோ நனைத்த துணியை அதன்மேல் போர்த்தி, ஆவியாகாதபடி நெகிழித்தாளால் மூடிச் சிறிது நேரம் ஊறவிட்டால் பசை உப்பித் தளரும். அதை வழித்தெடுத்துச் சோப்புநீரால் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவுவர். தின்னர் விரைவாக வேலைசெய்தாலும் கீழிருக்கும் சாயத்தையும் கரைத்துவிடும். பிளேடு கண்ணாடிக்கு உகந்தது, சாயம் பூசிய தகட்டில் கீறலாகிவிடும். பிசுக்கு சிறிது மிஞ்சினாலும் புதுச்சாயம் அந்த இடத்தில் ஒட்டாமல் குழிகுழியாகப் பின்வாங்கும் என்பதால், கடைசித் துடைப்பில்தான் வேலைக்காரரின் பொறுமை தெரியும்.

இவ்வளவு செய்தபின்னும், எழுத்து இருந்த இடத்தில் வெயில் படாத சாயம் பழைய நிறத்தோடு நின்று, சுற்றிலும் வெளிறிய பரப்பின் நடுவே பெயரை வாசிக்கும்படி காட்டும். மெருகேற்றித் தேய்த்தால் இந்நிழல் மங்கும்; முழுதும் போகவேண்டுமானால் வண்டிக்கு மறுசாயம் அடிக்கவேண்டும். சாயக்கால எழுத்தோ, முன்பு கண்டபடி, பூச்சுகளுக்கு அடியில் தங்கிவிடும். அத்தகைய பழைய வண்டியின் சாயத்தைப் படிப்படியாகத் தேய்த்து இறக்கினால், அடுத்தடுத்த உரிமையாளர்களின் பெயர்கள் தலைகீழ் வரிசையில் வெளிப்படக்கூடும். ஆனால் உரித்தெடுத்த வினைல் சுருண்டு குப்பைக்குப் போய்விடுகிறது, நிழலும் மறுசாயத்தோடு அழிகிறது. கணினியில் இருந்த வடிவமும் ஸ்டிக்கர் கடை மூடும் நாளில் மறைந்துபோகும்.

ஜொகூரின் சிறு பேருந்து நிறுவனங்களும், ஆலைகளுக்கு ஆளேற்றிய ஒற்றை வண்டி முதலாளிகளும் தங்கள் வரலாற்றை நூலாக எழுதிவைத்தவர்கள் அல்லர். தோட்டத்திலிருந்து ஆலைக்கு மாறிய ஒரு தலைமுறையை ஏற்றிச் சென்றவர்கள் யார், எந்த ஊரிலிருந்து எந்த ஆலைக்கு ஓடினார்கள் என்பதற்குச் சான்றாகப் பல இடங்களில் எஞ்சியிருப்பது வண்டியின் பக்கத்தில் இருக்கும் பெயரும் முகவரியும்தான். பழைய எழுத்தோடு வண்டியை வைத்திருக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் கேட்க முடியாது. புதிய தொழிலுக்குத் தூய பக்கச்சுவர் அவருக்கு வேண்டும், அது அவர் உரிமை. ஆனால் ஹீட் கன்னைக் கையில் எடுப்பதற்குமுன் நான்கு பக்கங்களையும் படமெடுத்து, வண்டியின் பதிவெண்ணையும் ஆண்டையும் குறித்து, ஊர்ச் சங்கத்திலோ பள்ளியிலோ நூலகத்திலோ சேர்த்துவைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. உரிக்கும் வேலையின் முதல் படியாக இந்தப் பதிவு பட்டறைகளில் நிலைபெறுமானால், சாயம் தன்னியல்பாகக் காத்துத்தந்ததை வினைல் காலத்தவர் தம் கவனத்தால் காத்துத்தருவார்கள்.