பூதம் பேசிய வரலாறு

விஞ்ஞானக் கற்பனைப் படம், சண்டைப் படம், பேய்ப் படம் என்னும் மூவகைச் சினிமாவையும் பற்றி நம்மிற் பலரது அபிப்பிராயம் ஒன்றே. பொழுது போகாதவன் பார்ப்பது, பார்த்தபின் மறப்பது. இறப்பர் உடை அணிந்த ஒருவன் பொம்மை வீடுகளை மிதிப்பதைக் கண்டு சிரித்துவிட்டு எழுந்து செல்வதே தேர்ந்த இரசிகனின் இலக்கணம் என எண்ணுவோரும் உளர். இப்படங்களுட் பெரும்பாலானவை மலினமானவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், மலினம் என்று ஒதுக்கப்பட்ட வடிவத்தினுள்ளே, வாய்விட்டுச் சொல்ல விடப்படாத ஒரு மக்கட் கூட்டத்தின் துயரம் இடம் தேடிக்கொள்வதும் உண்டு. 1954 ஆம் ஆண்டில் யப்பானில் வெளியான ‘கொஜிறா’ இதற்குத் தக்க சான்று. ‘கொட்சில்லா’ என்று பின்னர் உலகம் அறிந்த விலங்கு அதுவே.

இப்படத்தை விளங்கிக்கொள்ள அது தோன்றிய காலத்தை நோக்குதல் வேண்டும். 1945 ஓகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாக்கியும் எரிந்தன. அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில் ஒரே இரவில் நிகழ்ந்த விமானக் குண்டுவீச்சினால் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் மாண்டனர். ஆனால் இத்துயரத்தை எழுதவும் காட்டவும் மக்களுக்குத் தடையற்ற உரிமை இருக்கவில்லை. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிருவாகம் அணுகுண்டின் விளைவுகள் பற்றிய செய்திகளைத் தணிக்கை செய்தது. 1952 ஏப்ரலில் ஆக்கிரமிப்பு முடிவுற்றது. அவ்வாண்டு ஓகஸ்டிலேதான் ‘அசாஹி கிராப்’ என்னும் சஞ்சிகை எரிந்த உடல்களின் புகைப்படங்களை நாட்டு மக்கள் முன் வைத்தது.

இரண்டாண்டுகள் செல்லுமுன் மூன்றாவது அடி விழுந்தது. 1954 மார்ச் 1 ஆம் திகதி அமெரிக்கா பிகினித் தீவில் ஐதரசன் குண்டொன்றை வெடித்துப் பரிசோதித்தது. அதன் வலிமை 15 மெகாதொன். ஹிரோஷிமாக் குண்டினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அபாய எல்லை என்று அறிவிக்கப்பட்டதற்கு வெளியே, சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ‘டாய்கோ புக்குறியூ மாரு’ என்னும் யப்பானியப் படகின் மீது கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. அதிலிருந்த 23 தொழிலாளரும் நோயுற்றனர். வானொலி இயக்குநரான அய்கிச்சி குபோயாமா செப்ரெம்பர் 23 ஆம் திகதி மரணமானார். கதிரியக்கம் படிந்த மீன்கள் சந்தைகளிலே புதைக்கப்பட்டன. டோக்கியோவின் சுகினாமிப் பகுதியிலே இல்லத்தரசிகள் முன்னின்று பரப்பிய ஐதரசன் குண்டு எதிர்ப்பு மனு, அடுத்த ஆண்டளவில் 3 கோடிக்கு மேற்பட்ட கையொப்பங்களைப் பெற்றது.

குபோயாமா இறந்து ஆறு வாரங்களுக்குள், நவம்பர் 3 ஆம் திகதி ‘கொஜிறா’ திரைக்கு வந்தது. தோஹோ நிறுவனம் தயாரித்த இப்படத்தின் நெறியாளர் இஷிறோ ஹொண்டா, சீனத்திற் போர்வீரராக இருந்து மீண்டவர். படத்தின் முதற் காட்சியே கடலில் ஓர் ஒளி வெடித்து ஒரு கப்பல் எரிவதுதான். அன்று திரையரங்கில் இருந்தோருக்கு அது எந்தப் படகை நினைவூட்டியது என்று எவரும் விளக்கவேண்டியதில்லை. ஐதரசன் குண்டுப் பரிசோதனையால் உறைவிடம் இழந்து எழுந்த விலங்கு டோக்கியோவை எரிக்கிறது. மறுநாட் காலை மருத்துவமனையிலே ஒரு குழந்தையின் உடலருகே கதிரியக்கமானி ஒலிக்கிறது. இரயிலிற் செல்லும் ஒரு பெண், நாகசாக்கியிலே தப்பிப் பிழைத்த தனக்கு இப்போது இதுவுமா என்று நொந்துகொள்கிறாள். பத்திரிகை தயங்கியதைப் பூதக்கதை பேசிற்று.

பேயும் பூதமும் தமிழ் கற்றோருக்குப் புதியனவல்ல. கலிங்கத்துப்பரணியிலே பேய்கள் போர்க்களத்திற் கூழ் அட்டு உண்டு, வென்ற வேந்தனை வாழ்த்துகின்றன. அங்கே அச்சம் வெற்றிக்கு அணி. இங்கோ அச்சம், எரிந்தவர்களின் முறையீடு.

படத்தின் விஞ்ஞானியாகிய செறிசாவா, போரிலே ஒரு கண்ணை இழந்தவர். விலங்கை அழிக்கவல்ல ஆயுதம் அவரிடம் உண்டு. அதனை ஒருமுறை வெளிக்காட்டினால் அதிகாரத்தில் இருப்போர் தம்மை விடமாட்டார் என்று அஞ்சுகிறார். பாடசாலை மாணவியர் சமாதானம் வேண்டிப் பாடுவதைக் கண்டு மனம் மாறி, குறிப்புகளை எரித்துவிட்டுக் கடலடியிலே விலங்கோடு தாமும் மடிகிறார். அறிவு எவருக்குப் பணிசெய்ய வேண்டும் என்னும் வினாவை இதனினும் நேராகக் கேட்ட படங்கள் சிலவே.

படத்தின் குறையையும் சொல்லவேண்டும். யப்பானிய இராணுவம் சீனத்திலும் பிற ஆசிய நாடுகளிலும் இழைத்த கொடுமைகள் பற்றி அது மௌனம் சாதிக்கிறது. டோக்கியோவைச் சிற்றுருவிற் சமைத்து எரித்த எய்ஜி சுபுறாயாவின் கைகளே, 1942 இல் ஹவாய், மலாயாக் கடற்போர்களைப் புகழ்ந்த பிரசாரப் படத்துக்கும் சிற்றுருக் கப்பல்களைச் சமைத்தன. ஒரே தொழில்நுட்பம் பேரரசின் வெற்றிக்கும் ஊழியஞ் செய்தது. மக்களின் புலம்பலுக்கும் உதவியது. கருவி அல்ல, அதனை ஏவும் நோக்கமே கலையின் தரத்தை வகுக்கிறது.

1956 இல் இப்படம் அமெரிக்காவுக்குச் சென்றபோது நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கற்பாலது. றேமண்ட் பர் என்னும் நடிகரை அமெரிக்க நிருபராக்கிப் புதிய காட்சிகள் சேர்க்கப்பட்டன. 96 நிமிடப் படம் 80 நிமிடமாயிற்று. குண்டுப் பரிசோதனை பற்றிய குறிப்பு எஞ்சியதாயினும், நாகசாக்கிப் பெண்ணின் பேச்சு வெட்டப்பட்டது. பரிசோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கொஜிறா தோன்றக்கூடும் என்று முதிய விஞ்ஞானி விடுக்கும் இறுதி எச்சரிக்கை நீக்கப்பட்டு, உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்ற ஆறுதல் அங்கே வைக்கப்பட்டது. மூல வடிவம் அமெரிக்கத் திரையரங்குகளிற் பரவலாகக் காட்டப்பட்டது 2004 இலேதான். ஐம்பது ஆண்டுகளாக உலகின் பெரும்பகுதி கண்டு சிரித்தது, நினைவு அறுக்கப்பட்ட ஒரு பூதத்தையே. யப்பானிலும் பின்வந்த படங்கள் அதனைச் சிறுவரின் தோழனாக்கி வாணிபம் செய்தன.

எனவே, இத்தகைய படங்களை அலட்சியமாகப் பார்ப்பவரின் சிரிப்பில் அவர்தம் குற்றம் சிறிதே. அவருக்கு முன்னரே யாரோ கத்தரித்துவிட்டனர். இன்றும் ஒன்பது நாடுகளின் கையில் அணு ஆயுதங்கள் உள்ளன. திரையிலே ஒரு பூதம் எழும்போது அதன் உடை இறப்பரா என்று கேட்பதோடு நாம் நிற்கலாகாது. அது எவருடைய அச்சம், அதனை எழுப்பியவர் யார், நமக்குக் காட்டப்படாத பகுதி எது என்பவற்றையும் கேட்டுப் பழகுவோம். நம் மாணவருக்கும் பழக்குவோம்.