இலையின் நோயும் பிள்ளையின் பெயரும்

விஞ்ஞான வரலாற்றிலே மடுல்சீமைக்கு ஓர் இடம் உண்டு. 1869ஆம் ஆண்டில், ஊவாவின் அம்மலைத்தொடரில் இருந்த கோப்பித் தோட்டமொன்றில், இலைகளின் அடிப்புறத்தே மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. அவ்விலை இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று. அதே ஆண்டில் பார்க்லி என்ற அறிஞர் அதனை ஆராய்ந்து, நோய்க்குக் காரணமான பூஞ்சணத்துக்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இந்நோயை ஆராய்வதற்கென்றே இலங்கைக்கு அனுப்பப்பட்டார். எனினும் கோப்பி அழிந்தது, தேயிலை எழுந்தது.

ஓர் இலையின் மீது இத்துணை அவதானம் செலுத்திய ஆட்சி, அச்செடியைப் பேணிய தொழிலாளியின் பிள்ளை மீது எவ்வளவு அவதானம் செலுத்திற்று? அவதானத்தைப் பற்றியே நாம் இங்கு பேச முற்படுகிறோம். ஏனெனில், இன்று 'அவதானக் குறைவு மிகை இயக்கக் கோளாறு' என்று வைத்திய நூலார் வழங்கும் ஏ.டி.எச்.டி.யின் வரலாறும் தோட்டத்துக் கல்வியின் வரலாறும் ஒரே காலத்தில், ஒன்றையொன்று காணாமலே நடந்தன.

1798இலேயே அலெக்சாந்தர் கிரைட்டன் என்ற ஸ்கொத்லாந்து வைத்தியர், எதிலும் மனம் தரியாத நிலையைத் தம் நூலில் விவரித்தார். 1902இல் ஜோர்ஜ் ஸ்டில், அறிவில் குறையின்றியும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளைப் பற்றி இலண்டனில் விரிவுரை நிகழ்த்தினார். ஆயின் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே அழைத்தார். 1937இல் அமெரிக்க வைத்தியர் சார்ல்ஸ் பிராட்லி, பென்செட்ரின் என்னும் மருந்து சில பிள்ளைகளின் படிப்பைச் சீர்செய்வதைக் கண்டார். 1980இல்தான் அமெரிக்க மனநோய் மருத்துவரின் கையேடு 'அவதானக் குறைவு' என்ற பெயரை ஏற்றது. 1987இல் இன்றைய பெயர் வந்தது. குற்றம் என்று தொடங்கியது, கோளாறு என்று அறியப்படுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது.

இக்காலத்தில் நம் மலைகளில் நடந்தது என்ன? 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துமாறு தோட்டத் துரைமாரைப் பணித்தது. பத்து வயதுக்கு மேல்? மலையும் கொழுந்துக் கூடையுமே. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் தோட்ட நிர்வாகங்களிடமே கிடந்தன. 1948இல் குடியுரிமையும் பறிபோயிற்று. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அப்பள்ளிகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது.

பல வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியரே இருந்த பள்ளியில், அமர்ந்திருக்க மாட்டாத பிள்ளைக்கு என்ன நேர்ந்திருக்கும்? பிரம்பும் 'மண்டு' என்ற பட்டமும், பின்னர் பிரட்டுக் களமும். சன்னலோரம் கனவு கண்டிருந்த பெண்பிள்ளையோ எவர் கண்ணிலும் பட்டிருக்க மாட்டாள். நோயைக் கண்டறிய வேண்டிய தேவையே எழவில்லை. அரைப்பேர் கூலிக்கு அவதானத்தை யார் சோதிப்பார்?

இன்று மடுல்சீமை லயங்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்கிறார்கள். பள்ளியில் மணியடித்தும் அதட்டியும் பிறர் ஒழுங்குபடுத்திய பொழுதை, அங்கே தாமே ஒழுங்குபடுத்த வேண்டும். அறிவு இருந்தும் ஒப்படை எழுதத் தொடங்க இயலாமை, நாள் தவறுதல், படித்த பக்கத்தையே மீண்டும் படித்தல் ஆகியவை தலைகாட்டுகின்றன. 'முழுக் குடும்பமும் உழைத்து அனுப்பியும் நான் சோம்பேறியாய்ப் போனேனே' என்று அம்மாணவன் குமைகிறான். அக்கோளாற்றில் பரம்பரைக் காரணங்கட்குப் பெரும் பங்குண்டு என்பதையும், மனவுறுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதையும் அவனுக்கு யார் சொன்னார்கள்?

இங்கே இரு தவறான கருத்துக்களை நாம் மறுக்க வேண்டும். எல்லாம் வறுமையின் விளைவே என்பது ஒன்று. செல்வர் வீட்டிலும் இக்கோளாறு உண்டு. ஒரு மாத்திரை எல்லாவற்றையும் தீர்க்கும் என்பது மற்றொன்று. லயத்து அறையின் இரைச்சலையும் உறக்கமின்மையையும் எந்த மாத்திரையும் நீக்காது. கவனச் சிதறலெல்லாம் இக்கோளாறும் அன்று. சிறுவயது முதல் தொடர்ந்து வருவதா, வீட்டிலும் வகுப்பிலும் ஒருங்கே தடையாவதா என்று மனநல மருத்துவரே ஆராய்ந்து கூற வேண்டும். மருந்து வேண்டுமாயின் அவர் சொற்படியே கொள்ள வேண்டும்.

எனினும் மாணவன் செய்யத்தக்கன உண்டு. பெரிய வேலையைச் சிறு கூறுகளாக்கி, முதற் கூற்றை இன்றே தொடங்குக. நாட்களை நினைவில் வையாது சுவரில் எழுதுக. தனித்தன்றித் தோழனோடு அமர்ந்து படிக்க. உறக்கத்தைக் காக்க. ஆசிரியர் செய்யத்தக்கனவும் உண்டு: பணிகளை எழுத்தில் தருதல், இடைநாட்களில் விசாரித்தல், பட்டம் சூட்டாதிருத்தல். தமிழில் பேசும் ஆலோசகரைப் பல்கலைக்கழகங்களில் கோருவது சங்கங்களின் கடமை.

மஞ்சட் புள்ளி கண்ட இலையை எவரும் சோம்பேறி என்று ஏசவில்லை. எடுத்துப் பார்த்தார்கள், ஆராய்ந்தார்கள். ஏற்றுமதிச் செடிக்கு அன்று கிடைத்த அந்நியாயத்தையே தொழிலாளியின் பிள்ளைக்கு இன்று கேட்கிறோம்.