கூப்பன் முதல் மின்னஞ்சல் வரை: விளம்பர மடல்களின் பயனை அளந்த வரலாறு

விற்பனை கருதி மடல் விடுக்கும் வணிகனுக்கு எழும் முதல் ஐயம், அம்மடலினால் பயன் விளைந்ததா என்பதாகும். இன்று அத்தகைய மடல்கள் பலவற்றை மனிதர் ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை. கடையொன்றின் இணையத்தளத்தில் ஒருவர் தம் பெயரைப் பதிந்ததும் வரவேற்பு மடலும், பொருளைத் தெரிந்தெடுத்துவிட்டு வாங்காது விலகின் நினைவூட்டு மடலும், நெடுநாள் வாராதிருப்பின் மீள அழைக்கும் மடலும் கணினியினால் தாமாகவே அனுப்பப்படுகின்றன. முன்கூட்டியே வகுக்கப்பட்ட இம்மடற்றொடரைச் சந்தைப்படுத்துவோர் 'பயணம்' என வழங்குவர். இப்பயணங்களை அளக்கும் முறைகள் புதியனபோலத் தோன்றினும், அவற்றின் வேர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழைமையுடையன. எளிதில் எண்ணத்தக்கதை எண்ணுவதும் உண்மையில் அறிய வேண்டியதை அறிவதும் ஒன்றல்ல என்பதை அவ்வரலாறு தெளிவுபடுத்துகின்றது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1872ஆம் ஆண்டு ஆரன் மொன்ட்கொமரி வார்ட் என்பார் சிக்காகோ நகரிலிருந்து ஒற்றைத் தாளில் அச்சிட்ட விலைப்பட்டியலைக் கமக்காரருக்கு அனுப்பி வணிகம் தொடங்கினார். சியர்ஸ் நிறுவனமும் பின்னர் இத்துறையிற் புகுந்தது. 1896இல் நாட்டுப்புற வீடுகளுக்கு நேரே தபால் கொண்டுசேர்க்கும் முறையும், 1913இல் பொதித் தபாற் சேவையும் தொடங்கப்பட, தபால் வழி வணிகம் பெருவளர்ச்சி கண்டது. சந்தையிலிருக்கும் வணிகன் வாங்குவோரின் முகத்தை நோக்கி அவர் விருப்பை ஊகித்தறிவான். தபால் வழி விற்பவனுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. அவன் அறியக்கூடியதெல்லாம் மீண்டு வரும் கடிதங்களின் தொகையே. கணக்கெடுத்தல் இவ்வணிகத்தின் உயிர்நாடியானமைக்கு இதுவே காரணமாகும்.

இத்தேவையினின்றும் பிறந்ததே அடையாளமிட்ட கூப்பன் முறை. ஒரே விளம்பரத்தை இரு பத்திரிகைகளில் வெளியிடும்போது, ஒன்றில் 'பிரிவு 5' எனவும் மற்றொன்றில் 'பிரிவு 6' எனவும் முகவரியைச் சிறிது மாற்றி அச்சிடுவர். வெட்டி அனுப்பப்பட்ட கூப்பனைக் கண்டதும், எப்பத்திரிகை அவ்வாசகரை ஈர்த்தது என்பது தெரிந்துவிடும். தலைப்பை மாற்றிச் சோதிப்பதும் இவ்வாறே இயன்றது. இவ்வனுபவத்தைத் திரட்டிக் கிளோட் ஹொப்கின்ஸ் 1923இல் 'விஞ்ஞான முறை விளம்பரம்' எனப் பொருள்படும் நூலை வெளியிட்டார். ஜோன் கேப்பிள்ஸ் 1932இல் வெளியிட்ட நூலும், விளம்பரத்தின் தகுதியைத் துணிவது எழுதியவரின் இரசனையன்று, சோதனையே என்னும் கொள்கையை வலியுறுத்திற்று. கூப்பனை வெட்டியவர் வாசகரே. முத்திரை ஒட்டி அனுப்பியவரும் அவரே. ஆகவே அவ்வளவீடு வாசகர் அறிந்து, விரும்பி அளித்த விடையாக அமைந்தது. இப்பண்பு பின்னாளில் மறக்கப்பட்டதென்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

தன்னியக்கப் பயணத்தின் முன்னோடியையும் இக்காலத்தே காணலாம். விசாரித்து எழுதியவர் உடனே வாங்காதவிடத்து, குறித்த நாள் இடைவெளிகளில் இரண்டாம், மூன்றாம் மடல்களை அனுப்பும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலவியது. அட்டைப்பெட்டியொன்றில் திகதிவாரியாக அடுக்கப்பட்ட அட்டைகளே, இன்று கணினி செய்யும் பணியை அன்று செய்தன. வாடிக்கையாளர் இறுதியாக எப்போது வாங்கினார், எத்தனை முறை வாங்கினார், எவ்வளவு தொகைக்கு வாங்கினார் என்னும் மூன்று அளவுகளைக் கொண்டு யாருக்கு மடல் அனுப்புவதெனத் தீர்மானிக்கும் முறையும் தபால் வணிகர் வளர்த்ததேயாகும்.

எனினும் கூப்பன் முறை ஒரு வினாவுக்கு விடை கூறவில்லை. கூப்பன் அனுப்பியவர், அவ்விளம்பரம் இல்லாதிருப்பினும் வாங்கியிருப்பாரா என்பதே அது. இவ்வினாவை எதிர்கொள்ளும் வழி வணிகத்தினின்றன்றி வேளாண்மை ஆய்விலிருந்து வந்தது. இங்கிலாந்தின் றொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் கோதுமை வயலின் ஒரு பாத்தி உரமிடப்படாமலே விடப்பட்டு வந்தது. உரமிட்ட பாத்திகளின் விளைச்சலை அதனுடன் ஒப்பிட்டே உரத்தின் பயன் அறியப்பட்டது. 1919இல் அங்கு பணியேற்ற ரொனால்ட் பிஷர், எப்பாத்திக்கு உரமிடுவது என்பதை ஆய்வாளரின் விருப்புக்கு விடாது குலுக்கலினால் தீர்மானித்தல் வேண்டும் என்னும் நெறியை வகுத்தார். பரிசோதனை அமைப்புப் பற்றிய அவரது நூல் 1935இல் வெளிவந்தது. உரமிடாத பாத்தி இன்றேல் உரத்தின் பெருமை பேசுவதற்கில்லை என்பது மடலுக்கும் பொருந்துவதாகும்.

மின்னஞ்சலின் வரலாறு இந்நெறியைப் பேணித் தொடங்கவில்லை. கணினிகளுக்கிடையே முதல் மின்னஞ்சலை றே ரொம்லின்சன் 1971இல் அனுப்பினார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1978 மே மாதத்தில், டிஜிட்டல் எக்விப்மன்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கெரி தேர்க், புதிய கணினிகளை அறிமுகஞ் செய்யும் நிகழ்ச்சிகளுக்கான அழைப்பை ஆர்ப்பாநெற் வலையமைப்பிலிருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒருங்கே அனுப்பினார். கேளாது வந்த இம்மடல் கண்டனத்துக்குள்ளாயிற்று. ஆயினும் அதனால் ஒரு கோடி டொலருக்கு மேற்பட்ட விற்பனை நிகழ்ந்ததாக அவர் பின்னாளிற் கூறினார். பெறுநரோ ஏற்கெனவே கணினித் துறையில் ஈடுபட்டிருந்தவர்கள். மடல் கிடையாதிருப்பின் அவர்களுள் எத்தனைபேர் வாங்கியிருப்பர் என்பதை அறிய வழியில்லை. உரமிடாத பாத்தி அங்கு இருக்கவில்லை.

1990களின் பிற்பகுதியில் மின்னஞ்சலுள் படங்களைக் காட்டும் வசதி பரவியபோது புதியதோர் அளவுகோல் தோன்றியது. கண்ணுக்குப் புலனாகாத, ஒரே புள்ளியளவினதான படமொன்று மடலினுள் வைக்கப்படும். மடல் திறக்கப்படும்போது, அப்படம் அனுப்பியவரின் கணினியிலிருந்து கோரிப் பெறப்படும். அக்கோரிக்கையைப் பதிந்து, மடல் திறக்கப்பட்டதென எண்ணிக்கொள்வர். 'திறப்பு வீதம்' எனப்படும் இவ்வளவு எளிதிற் கிடைத்தமையால் பயணங்களின் வெற்றிக்கு அதுவே சான்றாகக் காட்டப்பட்டது. முதல் மடலைத் திறந்தவருக்கு ஒரு மடலும் திறவாதவருக்கு வேறொரு மடலும் எனப் பாதையைப் பிரிக்கவும் அது பயன்பட்டது. கூப்பனை வாசகர் தம் கையால் அனுப்பினார். இப்புள்ளியோ அவரறியாமலே அவரைப்பற்றிச் செய்தி அனுப்பிற்று.

அறியாமையின்மேல் எழுப்பப்பட்ட இவ்வளவுகோல் நிலைக்கவில்லை. 2013 டிசெம்பரில் கூகிள் நிறுவனம் ஜிமெயில் மடல்களிலுள்ள படங்களைத் தன் கணினிகளினூடாகவே வழங்கத் தொடங்கியது. 2021 செப்ரெம்பரில் அப்பிள் நிறுவனம், தனது அஞ்சற் செயலியில் இப்பாதுகாப்பை ஏற்றவர்களுக்கு, அவர்கள் மடலைத் திறப்பினும் திறவாவிடினும் படங்கள் முன்னதாகவே பெறப்படும் வகை செய்தது. அதன்பின், எவரும் காணாத மடலும் திறக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறலாயிற்று. தீங்கான இணைப்புக்களைத் தேடும் பாதுகாப்பு மென்பொருள்கள் மடலிலுள்ள இணைப்புக்களைத் தாமே சொடுக்கிப் பார்ப்பதால், சொடுக்கல் வீதமும் மாசற்றதெனக் கொள்வதற்கில்லை.

எனவே அளவீடு மீண்டும் வாசகரின் வெளிப்படையான செயல்களை நாடவேண்டியதாயிற்று. வாங்குதல், மறுமொழி எழுதுதல், பட்டியலினின்றும் விலகுதல், வேண்டா மடலென முறையிடுதல் என்பன அவை. 2024 பெப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் முறைப்பாட்டு வீதத்தை 0.3 வீதத்துக்குக் கீழ்ப் பேணவேண்டுமென ஜிமெயில் விதித்தது. வாசகரின் வெறுப்பும் இவ்வாறு ஓர் அளவாயிற்று.

ஆயினும் பயன் பற்றிய மூலவினாவுக்கு விடைதருவது பிஷரின் நெறியே. எடுத்துக்காட்டாக, பொருளைத் தெரிந்தெடுத்து வாங்காது விலகிய 10,000 பேருள், குலுக்கல் முறையில் 1,000 பேருக்கு நினைவூட்டு மடல் அனுப்பாது விடுவதாகக் கொள்ளலாம். மடல் பெற்ற 9,000 பேரில் 540 பேர் வாங்கினர். பெறாத 1,000 பேரில் 50 பேர் வாங்கினர் எனின், முறையே 6 வீதமும் 5 வீதமும் ஆகும். அறிக்கை 540 விற்பனைகளையும் மடலின் சாதனையெனக் காட்டும். உண்மையில் 450 பேர் மடலின்றியும் வாங்கியிருப்பர். மடலுக்குரியன 90 மட்டுமே. பொருளைத் தெரிந்தெடுத்தவர் இயல்பாகவே வாங்கும் நாட்டமுடையவர் என்பதே இவ்வேறுபாட்டின் காரணம். இந்தத் தொண்ணூறும் உறுதியான தொகையன்று. ஒப்பீட்டுக் குழு சிறிதாயின் தற்செயல் வேறுபாடும் இவ்வளவாகத் தோன்றக்கூடும்; ஆதலால் பெருந்தொகையினரைக் கொண்டும் நீண்ட காலம் நோக்கியும் முடிவு காணல் வேண்டும்.

ஒரு பகுதியினருக்கு மடல் அனுப்பாதுவிடின் விற்பனை இழக்கப்படுமே என்பது வணிகர் கூறும் தடையாகும். சிறு கடைகளுக்கு இத்தடை மெய்யானதே. ஆனால் ஒப்பிடாது அளப்பவர் இழப்பது அதனினும் பெரிது. பயனற்ற மடலைப் பயனுள்ளதென நம்பி மேலும் மேலும் அனுப்புவர்; பெறுநர் சலித்து விலகுவர்; அவ்விழப்பு எவ்வறிக்கையிலும் உடனே தோன்றாது.

ஒரு நூற்றாண்டுக்கு முன் கத்தரிக்கோலால் கூப்பனை வெட்டிய வாசகரும், இன்று மடலினின்றும் விலகும் வாசகரும் ஒருவகையில் ஒரே செயலையே செய்கின்றனர். தாமாக விடை கூறுகின்றனர். இடைப்பட்ட காலத்தே அவர் விடையைக் கேளாமலே அறிந்துவிடலாமென எண்ணியோர், ஈற்றில் பெற்றவை எண்களே. வாசகர் விரும்பி அளிக்கும் விடையையும், மடல் அனுப்பாது விட்ட குழுவின் மௌனத்தையும் ஒருங்கே கேட்பதே நேர்மையான அளவீடாகும்.