பெயர் போடாத ஒரு புகார்க் கடிதம்



ஆடிட்டிங் வகுப்பில் 'இன்டர்னல் கன்ட்ரோல்' பாடம் நடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். தப்பைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பக்கம் பக்கமாகச் சொல்லித் தருகிறார்கள், சரி. கண்டுபிடித்துச் சொன்னவர் மறுநாள் எங்கே வேலைக்குப் போவார்? அதைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோதுதான் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இரண்டு நர்ஸ்களுக்கு நடந்த கதை கிடைத்தது. கணக்கு வழக்கை விட்டுவிட்டு, இன்றைக்கு அதைச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. அமெரிக்காவில் டாக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதும் பறிப்பதும் மத்திய அரசின் வேலை இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் அதற்கென்று ஒரு மருத்துவ வாரியம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே யார் வேண்டுமானாலும் டாக்டர் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம் என்கிற நிலைமை. அதைக் கட்டுப்படுத்த மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டன. டெக்சாஸ் 1873இல் போட்டது. மேற்கு வர்ஜீனியாவில் டென்ட் என்பவர், பல வருடம் வைத்தியம் பார்த்துவந்த என்னை எப்படித் தடுக்கலாம் என்று வழக்குப் போட்டார். மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 1889இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இன்றுவரை எல்லா வாரியங்களும் நிற்பது அந்தத் தீர்ப்பின் மேல்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். தகுதி இல்லாதவரை வெளியே நிறுத்தப் பிறந்த அமைப்பு இது. உள்ளே வந்துவிட்ட ஒருவர் சரியாக வைத்தியம் பார்க்கிறாரா என்பது வாரியத்துக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னால்தான் தெரியும். நோயாளி சொல்லலாம். ஆனால் தனக்கு நடந்தது தவறான சிகிச்சை என்பதே பல நோயாளிகளுக்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள் பக்கத்தில் நிற்கிற நர்ஸ்களும் மற்ற டாக்டர்களும்தான். அவர்களும் அதே ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிறவர்கள். சிக்கலே அங்கேதான்!

இனி நம் கதை. மேற்கு டெக்சாஸில் விங்க்லர் கவுண்டி என்று எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த ஒரு வறண்ட பகுதி. அதன் தலைநகர் கெர்மிட், சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் சிற்றூர். அங்கே அரசு நடத்தும் சிறிய ஆஸ்பத்திரி ஒன்று. ஆன் மிட்செல், விக்கிலின் கேல் இருவரும் அங்கே நர்ஸ்கள். இருவரின் சர்வீசையும் சேர்த்தால் 40 வருடத்துக்கு மேல். சிகிச்சையின் தரத்தையும் விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்பதையும் கவனிப்பது அவர்களுடைய பொறுப்பு. நம் பாஷையில் சொன்னால், இன்டர்னல் ஆடிட்டர்கள்!

2008இல் ரொலாண்டோ அரஃபீலிஸ் என்ற டாக்டர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். நசுங்கிப்போன ஒரு விரலுக்கு, கத்தரிக்கோலின் ரப்பர் முனையை வெட்டி வைத்துத் தைத்தார். அறுவை சிகிச்சைக்கு அந்த ஆஸ்பத்திரி அவருக்கு அனுமதி தராத நிலையில் தோல் ஒட்டு சிகிச்சை செய்தார். இப்படிப் பல விஷயங்கள் நர்ஸ்களின் கண்ணில் பட்டன. முதலில் நிர்வாகத்திடம் சொல்லிப் பார்த்தார்கள். பலனில்லை. 2009 ஏப்ரலில் டெக்சாஸ் மருத்துவ வாரியத்துக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் அனுப்பினார்கள். அதில் நோயாளிகளின் பெயர்கள் இல்லை, ஃபைல் எண்கள் மட்டும்.

புகார் வந்திருப்பதை வழக்கப்படி டாக்டருக்கு வாரியம் தெரிவித்தது. டாக்டர் நேராக ஷெரிஃப் ராபர்ட் ராபர்ட்ஸிடம் போனார். ஷெரிஃப் அவருடைய நண்பர், அவரிடமே சிகிச்சை பெற்றவர். புகாரை எழுதியது யார் என்று கண்டுபிடிக்க ஷெரிஃப் களத்தில் இறங்கினார். நோயாளிகளை விசாரித்தார். விசாரணைக்கு என்று சொல்லி வாரியத்திடமிருந்தே கடிதத்தின் நகலை வாங்கினார். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களைச் சோதனை போட்டார். ஒன்றில் அந்தக் கடிதம் கிடைத்தது.

2009 ஜூனில் இருவருக்கும் வேலை போனது. அதே மாதம் 'அரசுத் தகவலைத் தவறாகப் பயன்படுத்தியது' என்று அவர்கள் மேல் கிரிமினல் வழக்கு. நிரூபிக்கப்பட்டால் 10 வருடம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். புகாரை விசாரிக்க வேண்டிய வாரியமே, "எங்களுக்குத் தகவல் தருவது சட்டப்படி சரியானது, இப்படி வழக்குப் போட்டால் இனி யாரும் புகார் தர முன்வரமாட்டார்கள்" என்ற பொருளில் அரசு வக்கீலுக்குக் கடிதம் எழுதியது. அவர் கேட்கவில்லை.

நாடு முழுக்க இருந்த நர்ஸ்கள் வழக்குச் செலவுக்குப் பணம் அனுப்பினார்கள். உள்ளூரில் பரபரப்பு அதிகம் என்பதால் விசாரணை பக்கத்து ஊரான ஆண்ட்ரூஸுக்கு மாற்றப்பட்டது. விசாரணைக்குச் சற்று முன்பு கேல் மீதான வழக்கு கைவிடப்பட்டது. மிட்செல் மட்டும் கூண்டில் நின்றார். டாக்டர் மேல் இருந்த சொந்தப் பகையால் எழுதினார் என்றது அரசுத் தரப்பு. நோயாளிகளைக் காப்பது என் கடமை என்றது எதிர்த்தரப்பு. 2010 பிப்ரவரி 11 அன்று ஜூரிகள் கூடிப் பேச ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கப்புறம் சக்கரம் திரும்பியது. நர்ஸ்கள் தொடுத்த சிவில் வழக்கில் 2010இல் 7,50,000 டாலருக்குச் சமரசம் ஆனது. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் கிரிமினல் வழக்குகள் போட்டது. 2011இல் ஷெரிஃப், அரசு வக்கீல் இருவருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது, பதவியும் போனது. ஆஸ்பத்திரி நிர்வாகி குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2011 நவம்பரில் டாக்டரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 60 நாள் சிறை, லைசென்ஸையும் ஒப்படைத்தார்.

சினிமாவாக இருந்தால் இங்கே 'சுபம்' போடலாம். ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. டாக்டரும் ஷெரிஃபும் தண்டிக்கப்பட்டது அந்த நர்ஸ்களைப் பழிவாங்கியதற்காக. மோசமான சிகிச்சைக்கு வாரியம் 2011 பிப்ரவரியில் கொடுத்தது நான்கு வருடக் கண்காணிப்பு மட்டுமே. பழிவாங்காமல் சும்மா இருந்திருந்தால் அவர் தொடர்ந்து டாக்டராகவே இருந்திருப்பார் போலிருக்கிறது!

இன்னொரு விஷயம். 2011இல் டெக்சாஸ் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, நோயாளிகளுக்காகப் பேசும் நர்ஸ்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. மற்றொன்றின்படி வாரியம் இனிப் பெயரில்லாத புகார்களை ஏற்காது. வாரியத்துக்குப் பெயரைச் சொல்லியாக வேண்டும், வாரியம் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளும். மொட்டைக் கடிதத்தால் ஒரு நல்ல டாக்டரின் பெயர் கெடலாம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாரியத்திடம் இருந்த நகலே ஷெரிஃபின் கைக்குப் போனதைப் பார்த்த பிறகு, கெர்மிட் போன்ற ஒரு சின்ன ஊரில் எந்த நர்ஸ் துணிந்து பெயர் எழுதுவார்?

ஆடிட்டிங் பரீட்சையில் 'தவறுகளைத் தடுக்கும் வழிகள்' என்று ஐந்து மார்க் கேள்வி வரும். நானும் மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். தவறைச் சொன்னவரைக் காப்பாற்றுவதும் ஒரு வழி என்று இதுவரை நான் எழுதியதில்லை. அடுத்த முறை மார்க் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆறாவது பாயிண்டாக அதை எழுதிவிட்டு வருவேன்.