பல்லின் குழியும் பொன்னின் இழையும்

பல்லில் விழுந்த குழியை அடைப்பது எளிது. அடைத்ததை நிலைக்கச் செய்வதே அரிது. வாயினுள் வைக்கப்படும் எப்பொருளும் நாள்தோறும் இரு சோதனைகளுக்கு உள்ளாகிறது: சூடும் குளிரும் மாறிமாறி வருவது ஒன்று, மெல்லும் விசை மற்றொன்று. இவ்விரண்டையும் மருத்துவர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய நூலாசிரியர் செல்சஸ், சொத்தைப் பல்லின் குழியைத் துணித்திரியாலோ காரீயத்தாலோ அடைக்கச் சொன்னார். பல்லைக் காக்கவன்று, பிடுங்கும்போது குறட்டின் அழுத்தத்தால் நொறுங்காதிருக்கவே அவ்வாறு சொன்னார். குழி விழுந்த பல் விசையைத் தாங்காது என்பதை அவர் அறிந்திருந்தார். ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) மறைந்த அபூபக்ர் அர்ராஸீயோ மஸ்தகியும் படிகாரமும் சேர்த்துக் குழியை அடைத்து, சொத்தை பரவாமல் தடுக்க முனைந்தார். அடைப்பின் நோக்கம் பல்லைக் காப்பதாக இங்கு மாறிவிடுகிறது.

குர்துபாவையடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, ஹிஜ்ரி 404இல் (கி.பி. 1013) மறைந்தவர். அவரது ‘அத்தஸ்ரீஃப்’ 30 பகுதிகள் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. பல்வலிக்குக் காய்ச்சிய கருவியால் சூடிடும்போது, அதனைக் குழலொன்றின் வழியே செலுத்தி, சுற்றியுள்ள தசையைக் காக்கும் முறையை அதில் காண்கிறோம். ஆடும் பற்களைப் பொன் இழையால் அண்டைப் பற்களோடு பிணைக்கச் சொல்லும் அவர், அதற்குக் காரணமும் தருகிறார்: வெள்ளி சில நாட்களில் கெட்டு நிறம் மாறும், பொன் மாறாது நிற்கும்.

இன்றைய பல்லடைப்பு முழுவதும் நம் முன்னோரின் கண்டுபிடிப்பே என மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். அஸ்ஸஹ்ராவீயின் பொன் இழை பிணைப்பதற்கானது, அடைப்பதற்கானதன்று. அவர் செய்யாததை அவர்மீது ஏற்றுவது அவருக்குச் சிறப்பாகாது. ‘வாயினுள் வைத்தபின் இப்பொருள் என்னவாகும்?’ என்று அவர் ஆராய்ந்ததே அவருக்குரிய உண்மைச் சிறப்பு.

அக்கேள்வி 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது. 1826இல் பாரிஸில் தாவோ என்பவர் வெள்ளியையும் பாதரசத்தையும் கலந்து பல்லை அடைத்தார். ஆனால் தொடக்ககாலக் கலவைகள் சில இறுகும்போதே விரிந்து பல்லை விரியச் செய்தன. 1890களில் அமெரிக்கரான ஜி.வி. பிளாக், கலவையின் விரிவையும் மனிதர் கடிக்கும் விசையையும் கருவிகளால் அளந்து, பொருத்தமான விகிதத்தை வகுத்தார்.

இன்று இக்கணக்கு தெளிவாகியுள்ளது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடும்போது பல்லின் எனாமல் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 11 பங்கு விரிகிறது. பாதரசக் கலவையோ ஏறத்தாழ 25 பங்கு விரிகிறது. பிசின் கலவைகள் பல இதனினும் மிகுதியாக விரிபவை. சூடான தேநீரை அடுத்துக் குளிர்ந்த நீரைப் பருகும்போது அடைப்பு பல்லைவிட அதிகம் சுருங்குவதால், ஓரத்தில் நுண்ணிய இடைவெளி தோன்றி உமிழ்நீர் உட்புகுகிறது. மீண்டும் சூடேறும்போது அது வெளியே தள்ளப்படுகிறது. குளிரூட்டிய பல் சூடேறுகையில் அடைப்பின் ஓரத்தில் துளிகள் கசிவதை 1952இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டு எழுதினர்.

இதனோடு மெல்லும் விசையும் சேர்கிறது. கடைவாய்ப் பற்கள் முழு வலிமையுடன் கடித்தால் 50 கிலோ எடைக்கும் மேலான விசை எழக்கூடும். நடுவில் அகன்று குடையப்பட்ட பல்லில், ஒட்டாத அடைப்பு ஆப்பைப்போல் இருபக்கச் சுவர்களையும் பிளக்க முற்படுகிறது. ஒருமுறை உடைக்காத விசை, பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப வந்து விரிசலை வளர்க்கிறது. 1955இல் எனாமலை அமிலத்தால் பதப்படுத்திப் பிசினை ஒட்டவைக்கும் முறை வெளியானது. அடைப்பும் பல்லும் சேர்ந்து விசையைத் தாங்க அது வழிவகுத்தது. ஆயினும் பிசின் இறுகும்போது சுருங்குவதால் ஒட்டிய இடத்தில் புதிய இழுவிசை பிறக்கிறது. பாதரசக் கலவையின் பயன்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம், சில மருத்துவ விதிவிலக்குகளுடன், 2025 சனவரி முதல் நிறுத்தியுள்ளது. ஆகவே தேடல் தொடர்கிறது.

முன்னோரின் நூல்களை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், பெயர்களையும் ஆண்டுகளையும் ஒப்பிக்கச் செய்வதோடு நின்றுவிடலாகாது. வெள்ளியை விலக்கிப் பொன்னைத் தேர்ந்த அந்த ஒரு வரியின் காரணத்தை அவர்கள் உணரட்டும். அறிவு மரபு அத்தகைய காரணங்களில்தான் உயிர்வாழ்கிறது.