"என்னையே தொலைச்சுட்டேன்"

அல்சைமர் நோய் வந்தவங்களுக்குத் தனக்கு மறதி இருப்பதே தெரியாது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் மருத்துவ வரலாற்றில் இந்த நோய்க்கான முதல் நோயாளியே அதை உணர்ந்து சொல்லியிருக்கிறார். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

1901 நவம்பர். ஜெர்மனி, பிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனை. ஆகஸ்டே டேட்டர், வயது 51, அட்மிட் ஆகிறார். கேள்வி கேட்டவர் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர். கேள்வியையும் பதிலையும் அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு. (நம்ம ஓபி கூட்டத்தில் அதுக்கெல்லாம் நேரம் ஏது!)

"உங்க பேர்?" "ஆகஸ்டே."
"கணவர் பேர்?" "ஆகஸ்டேன்னு நினைக்கிறேன்."

மதிய சாப்பாட்டில் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டால், கீரை என்கிறார்.

பெயரை எழுதச் சொல்கிறார் அல்சைமர். "திருமதி" வரைக்கும் எழுதிவிட்டு, மிச்சம் மறந்து நிற்கிறார். அப்போது அவர் சொன்னதும் அந்த ஷீட்டில் இருக்கிறது: "என்னையே தொலைச்சுட்டேன்."

கவனிங்க, இது ஆரம்பக்கட்டம்கூட இல்லை. கணவர் பெயரே வராத நிலை. அப்பவும் எதையோ இழந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1906 ஏப்ரலில் அவர் இறந்தார். மூளை, அப்போது மியூனிக்கில் இருந்த அல்சைமருக்கு அனுப்பப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் மாநாட்டில் அவர் பேசினார். 1910இல் கிரெப்பலின் தன் பாடநூலில் இதற்கு "அல்சைமர் நோய்" என்று பெயர் வைத்தார். மூளைத்திசுவில் கண்ட படிவுகளும் சிக்கல்களும் பிரபலமாகிவிட்டன. ஆகஸ்டே பேசியது இருந்த கேஸ் ஷீட் காணாமல் போய், 1995இல்தான் பிராங்க்ஃபர்ட்டில் மறுபடி கிடைத்தது.

அப்போ "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சண்டை போடுபவர்கள்? அதுவும் உண்டு. பக்கவாதத்தில் கை அசையாதபோதும் அதை உணராத நோயாளிகளைப் பார்த்து, 1914இல் பிரெஞ்சு டாக்டர் பாபின்ஸ்கி அதற்கு "அனோசோக்னோசியா" என்று பெயர் வைத்தார். தன் குறையை அறியும் திறனே பாதிக்கப்படுவது. அல்சைமரிலும் இது வரும், நோய் முற்ற முற்றக் கூடும். ஆனால் ஆரம்பத்தில் பலருக்கு இன்றைக்குத் தெரியும், நாளைக்குத் தெரியாது. வெட்கத்தில் மறைப்பவர்களும் உண்டு. கேள்வி கேட்டதும் மனைவி முகத்தைத் திரும்பிப் பார்ப்பார், "அவளையே கேளுங்க" என்று சிரிப்பார். வீட்டில் இதை "அவருக்கு ஒண்ணும் புரியல"ன்னு எடுத்துக்கிறாங்க.

1994 நவம்பர் 5 அன்று, முன்னாள் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் தனக்கு அல்சைமர் என்று நாட்டு மக்களுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். வயது 83. தன்னைவிட மனைவி நான்சி படப்போகும் கஷ்டம்தான் அதில் அவருக்குப் பெரிய கவலை. வரப்போவதை இவ்வளவு தெளிவாக ஒருவரால் பார்க்க முடிகிறது.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று பாசத்தில்தான் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பென்ஷன் கணக்கை யார் பார்ப்பது, நிலத்தை என்ன செய்வது, கடைசிவரை எந்தப் பிள்ளை வீட்டில் இருக்க அவருக்கு விருப்பம், இதையெல்லாம் அவரே சொல்லக்கூடிய காலம் இந்த ஆரம்ப மாதங்கள்தான். மெதுவா, அவர் தெளிவா இருக்கிற ஒரு காலை நேரமா பார்த்துக் கேளுங்க.